கண்ணில் பூ விழுவது ஏன்? மட்டை கீறிய கண்ணை அன்றைக்கே காட்டுங்கள்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் “பூ விழுந்த கண்” என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கண்ணின் கருவிழிமேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கும். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். எதிரே நிற்கும் ஆள் யாரென்று தெரியாது. கேட்டால், “ரொம்ப நாளைக்கு முன்னால கண்ணு வலி வந்துச்சுங்க, அதுல பூ விழுந்துடுச்சு” என்பார்கள். சிலர் அம்மை கண்ணில் இறங்கியது என்பார்கள். சிலர் தலைவிதி என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அம்மையாலும் சத்துக் குறைவாலும் பிள்ளைகளின் கண்ணில் பூ விழுந்த காலம் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் வேலைக்குப் போகும் வயதில் விழும் பூவை விசாரித்துப் பாருங்கள். பல சமயம் அதன் தொடக்கம் ஒரு சின்னக் கீறலாக இருக்கும். மட்டை முள்ளோ, லாலாங் புல்லோ, மேலேயிருந்து கொட்டிய குப்பையோ கருவிழியைக் கீறியிருக்கும். கீறிய இடத்தில் கிருமி புகுந்து, புண்ணாகி, புண் ஆறிய பிறகு மிஞ்சுகிற தழும்பைத்தான் நாம் பூ என்கிறோம். அந்தப் புண்ணின் பெயர் கருவிழிப் புண். ஆஸ்பத்திரியில் ‘கார்னியா அல்சர்’ என்று சொல்வார்கள்.

வந்த புண்ணை ஆற்றுவது பெரும்பாடு. வராமல் தடுப்பது எளிது. ஆனால் தடுப்பதற்கு நம் கையில் இருப்பது சில மணி நேரம் மட்டுமே. இந்த மாதப் பாடம் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது.

கருவிழியின் கண்ணாடி

கண்ணின் கறுப்புப் பகுதிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல ஒரு படலம் மூடியிருக்கிறது. அதன் கனம் நடுவில் அரை மில்லிமீட்டர்தான். வெளிச்சம் இதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆகவே இது தெளிவாக இருக்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டுமென்பதால் இதில் இரத்தக் குழாய்களே கிடையாது. நன்மை அதுதான், தீமையும் அதுதான். கையில் காயம் பட்டால் இரத்தம் ஓடிவந்து கிருமியோடு சண்டை போடும். கருவிழிக்கு அந்தப் பட்டாளம் பக்கத்தில் இல்லை. ஓரத்திலிருந்து வந்து சேரவேண்டும்.

இந்தப் படலத்தின் மேல்தோல் முழுதாக இருக்கும்வரை அநேகமாக எந்தக் கிருமியும் உள்ளே நுழைய முடியாது. மேல்தோல் மட்டும் கீறிக்கொண்டால் ஓரிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில், தழும்பே இல்லாமல் மூடிக்கொள்ளும். ஆனால் மூடுவதற்கு முன் கிருமி இறங்கி அடுத்த அடுக்கைத் தின்னத் தொடங்கினால், ஆறிய பிறகும் அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். தழும்பு ஓரத்தில் இருந்தால் பிழைத்தோம். நடுவில், பாவைக்கு நேரே இருந்தால் அந்தக் கண்ணின் பார்வை போனதுதான்.

நம் வேலையில் கண்ணுக்கு என்ன வருகிறது?

செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர் நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தே வேலை செய்கிறார். உயரமான மரத்துக்கு நீளக் கம்பில் கட்டிய அரிவாள். மட்டையை அறுத்து இழுக்கும்போது முதலில் விழுவது மட்டையல்ல. தூசி, காய்ந்த பூவின் பொடி, எறும்பு, மரத்தில் ஒட்டி வளர்ந்த செடிகளின் துணுக்கு. கண்ணை மூடினால் குலை எங்கே விழுகிறதென்று தெரியாது, திறந்திருந்தால் குப்பை உள்ளே வந்துவிடும். இந்த இக்கட்டில் தினமும் எத்தனை மரம்! பிறகு மட்டையை வெட்டி அடுக்கும்போது அதன் காம்பிலுள்ள முள் நிமிர்ந்து அடிக்கும். உதிரிப் பழம் பொறுக்கும் தாய்மார்கள் குனிந்தபடியே நகரும்போது முகத்துக்கு நேரே மட்டை நுனி நிற்கும்.

பால் வெட்டுகிறவர்களுக்கு விடியுமுன்னே வேலை. தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளையும் கொடியும் கடைசி நொடியில்தான் தெரியும். பட்டைச் சீவல் தெறிப்பதும் உண்டு. புல்வெட்டும் இயந்திரம் பிடிக்கிறவர்களுக்குக் கல்லும் குச்சியும் துப்பாக்கி ரவைபோல வரும்.

மருந்தடிப்பு தனிக் கதை. பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் இன்று அடிக்கும் மருந்துகளும் கண்ணுக்கு ஆகாதவைதான். மருந்து தெறித்தால் கிளினிக்குக்கு ஓடுவதற்கு முன் நின்ற இடத்திலேயே கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு, நல்ல தண்ணீரை விடாமல் குறைந்தது 20 நிமிடம் ஊற்றுங்கள். பிறகு ஓடுங்கள். இரசாயனத்தால் வெந்துபோன கருவிழியில் கிருமி புகுவது மிகச் சுலபம். ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகம் தெறித்தாலும் இதே முறைதான்.

கண்ணாடி போட்டால் இதில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். “கண்ணாடி போட்டா வேர்வையில மங்கிப்போகுது, குலை தெரியல” என்று பழம் வெட்டுகிறவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல. அது நியாயமான குறை. அதற்குத் தீர்வு கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் சொருகுவதும் அல்ல. பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள கண்ணாடி இருக்கிறது. புல்வெட்டுக்குக் கம்பி வலை முகமூடி இருக்கிறது. வலை தூசியைத் தடுக்காது என்றாலும் குச்சியைத் தடுக்கும். எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி என்று உங்கள் தோட்டக் கமிட்டி நிர்வாகத்திடம் பேசவேண்டும். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது.

எந்தக் கிருமி?

கிருமிகளில் பல சாதி உண்டு. நமக்கு முக்கியமானவை இரண்டு.

ஒன்று பாக்டீரியா. இதில் சூடோமோனாஸ் என்ற ஒன்று ஈரத்திலும் மண்ணிலும் வாழ்வது. இது மிகக் கொடியது. காலையில் உறுத்தலாகத் தொடங்கிய கண், ஓரிரு நாளில் கருவிழியே கரைந்து ஓட்டை விழும் நிலைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று காளான், அதாவது பூஞ்சணம். மழையில் சுவரிலும் ஊறுகாய் ஜாடியிலும் பூக்கிறதே, அந்த இனம்தான். மண்ணிலும் அழுகிய இலையிலும் மட்டையிலும் இது ஏராளம். வெப்பமும் ஈரமும் உள்ள நம் நாட்டுக்கு இது ஒத்துப்போகிறது. இலை, மட்டை, புல் கீறிய காயத்தில் டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்று இவற்றுக்குப் பெயர். பாக்டீரியா குதிரை என்றால் காளான் ஆமை. கீறல் பட்டு, வலி கொஞ்சம் குறைந்து, “சரியாயிடுச்சு” என்று நினைத்திருக்கும்போது, சில நாள் கழித்தோ ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்தோ கண் மறுபடி சிவக்கும். மட்டை பட்டது அதற்குள் மறந்தே போயிருக்கும். டாக்டர் கேட்டால், “ஒண்ணும் படலீங்க, தானா வந்துச்சு” என்போம். டாக்டரும் பாக்டீரியா மருந்து கொடுப்பார். அது காளானை ஒன்றும் செய்யாது. நாள் ஓடும்.

உதட்டில் கொப்புளம் வைக்கும் ஹெர்பிஸ் என்ற வைரசும் கருவிழியில் புண் உண்டாக்கும். அதற்குக் காயம் வேண்டியதில்லை, திரும்பத் திரும்ப வரும். பட்டணத்தில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டே தூங்குவதும், அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் புண்ணுக்கு வழி. வீட்டில் போடுகிறவர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

மணிக்கணக்கு

நேப்பாள நாட்டில் பக்தபூர் என்று ஒரு மாவட்டம். வயலில் வேலை செய்கிற மக்கள். நெல் நுனியும் குச்சியும் கண்ணில் படுவது அங்கேயும் சகஜம். அங்கே கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஏறக்குறைய 35 ஆயிரம் மக்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். கண்ணில் ஏதாவது பட்டால் உடனே வந்து சொல்லும்படி மக்களிடம் சொல்லிவைத்தார்கள். கருவிழியில் கீறல் இருந்தவர்களுக்குக் குளோராம்பெனிகால் என்ற சாதாரணக் கண் களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். அவ்வளவுதான் வைத்தியம். அதன் முடிவுகள் 2001-இல் வெளிவந்தன.

மொத்தம் 442 பேருக்குக் களிம்பு போட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் புண் வந்தது எத்தனை பேருக்கு? ஒருவருக்கும் இல்லை. 18 மணிக்கு மேல் 24 மணிக்குள் வந்தவர்கள் 109 பேர். 4 பேருக்குப் புண். ஒரு நாள் கடந்து இரண்டாம் நாள் வந்தவர்கள் 49 பேர். 14 பேருக்குப் புண். அதாவது மூன்றரைப் பேருக்கு ஒருவர்!

களிம்பே போடாத இன்னொரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல இது. ஆகவே களிம்பு செய்தது எவ்வளவு, இயற்கையாக ஆறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த மூன்று வரிக் கணக்கைப் பாருங்கள். அதே ஊர், அதே மக்கள், அதே களிம்பு. மாறியது நேரம் மட்டும்.

நம் கணக்கில் சொன்னால்: காலை 9 மணிக்கு மட்டை கீறினால், இரவு படுக்குமுன் யாராவது அந்தக் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். “நாளைக்குப் பெரட்டு முடிஞ்சு போய்க்கலாம்” என்று விட்டால் பதினெட்டு மணி தாண்டிவிடும். “ஞாயித்துக்கிழமை லீவுல பார்த்துக்கலாம்” என்றால் கண்ணைப் பணயம் வைக்கிறோம் என்று பொருள்.

கீறல் பட்டவுடன் என்ன செய்வது? கசக்காதீர்கள். கசக்கக் கசக்கத் தூசி உளிபோல வேலை செய்யும். சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவுங்கள். தூசி போனபின்னும் உறுத்தல் இருந்தால், கண் கூசினால், தண்ணீர் ஓடினால், கருவிழி கீறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளர் இருந்தால் (நம் பெரியவர்கள் இன்றும் டிரெசர் என்றே சொல்வார்கள்) அவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். தோட்டத்தில் கிளினிக் இல்லையென்றால் பக்கத்து அரசாங்க கிளினிக். முள்ளோ கம்பியோ கண்ணில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டிக் கண்மேல் தொடாமல் கவிழ்த்து ஒட்டி, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி கீறிய கண்ணுக்குப் பஞ்சு வைத்துக் கட்டுப் போடுவது கூடாது. இருட்டும் வெதுவெதுப்பும் கிருமிக்குத் தொட்டில் கட்டுவதுபோல.

வீட்டு வைத்தியம்

இதைச் சொன்னால் பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணில் ஏதாவது பட்டால் நம் வீடுகளில் தாய்ப்பால் விடுவது வழக்கம். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு பிழிவதும், விளக்கெண்ணெய் விடுவதும், வெற்றிலைச் சாறு விடுவதும் உண்டு. தூசியை நாக்கு நுனியால் எடுக்கிறவர்களும், முந்தானை நுனியைச் சுருட்டித் துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவை அன்பினால் செய்வது. யாரும் கெடுதல் நினைத்துச் செய்வதில்லை. முழுத்தோலாக இருக்கும் கண்ணில் பட்டால் பெரும்பாலும் தீங்கும் வராமல் போகும். அதனால்தான் இவற்றின்மேல் நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் கீறிய கருவிழி திறந்த காயம். செடியின் சாற்றிலே காளான் விதை இருக்கும். வாயிலே நிமோனியாக் கிருமியும் இன்னும் பலவும் இருக்கும். பாலும் எண்ணெயும் கிருமி வளர இடம் தரும். காட்டு மட்டை கொண்டுவராத கிருமியை நாமே கொண்டுபோய் வைத்தது போலாகிவிடும். இதையெல்லாம் விட்டுப் பார்ப்பதில் ஒரு நாள் போய்விடுகிறதே, அதுவே பெரிய நட்டம்.

பாட்டியின் வைத்தியத்தைவிட எனக்கு அதிகப் பயம் தருவது அலமாரியில் இருக்கும் சொட்டு மருந்து. போன வருஷம் யாருக்கோ கொடுத்தது. பாதி மிச்சம் இருக்கும். “இதைப் போட்டா ஒரே நாள்ல சிவப்பு போயிடும்” என்று பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். உண்மைதான், போய்விடும்! ஏனென்றால் அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு என்ற மருந்து கலந்திருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று சீட்டில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும், கிருமியை அடக்காது. வீட்டைக் காக்கும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பதுபோல. காளான் புண்ணிலும் ஹெர்பிஸ் புண்ணிலும் இது பெருந்தீமை செய்யும். தென்னிந்தியாவில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முக்கியப் பங்கெடுத்து, 500 பாக்டீரியாப் புண் நோயாளிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2012-இல் வந்தது. கிருமிநாசினி மருந்து தொடங்கிய பிறகு, டாக்டர்கள் கண்காணித்துக்கொண்டே ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்ததிலும், மூன்று மாதத்துக்குப் பிறகு பார்த்தால் மொத்தத்தில் பார்வைக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை. நிபுணர் கையிலேயே அப்படியென்றால் அடுப்படி அலமாரியில் எப்படி? எது எந்த மருந்து என்று தெரியாமல் ஒருவர் சொட்டை இன்னொருவர் போடவே வேண்டாம்.

கண்வலியா, புண்ணா?

லயத்தில் ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் தொற்றுகிற கண்வலி வேறு. அதில் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சிவக்கும், பீளை தள்ளும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும்; பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிவாக இருக்கும். கருவிழிப் புண் அநேகமாக ஒரே கண்ணில் வரும். சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையமாக நிற்கும். வலி கடுமையாக இருக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. துடைத்தாலும் பார்வை மங்கல் போகாது. கருவிழியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ புள்ளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அன்று வேலை இல்லை, நேரே ஆஸ்பத்திரி. கருவிழிக்குப் பின்னால் அடியில், மங்கில் பால் தேங்கியதுபோல வெள்ளை மட்டம் தெரிந்தால் அது சீழ். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனிப்புநீர் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்குக் கருவிழியின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் பெரிதாக இருந்தும் வலி சின்னதாகத் தெரியும். ஆறுவதும் மெதுவாகத்தான்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

நம்மில் பலர் பயந்தே போவதில்லை. “கண்ணைச் சுரண்டுவாங்களாம்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். என்ன நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்தால் பயம் பாதி குறையும்.

முதலில் விசாரிப்பார்கள். எப்போது பட்டது, என்ன பட்டது, அதற்குப் பிறகு என்னென்ன விட்டீர்கள்? தாய்ப்பால் விட்டிருந்தால் விட்டேன் என்று சொல்லுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. மட்டை, புல், மண் என்று என்ன பட்டதோ அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லால் டாக்டர் காளானைப் பற்றி நினைப்பார். போட்ட மருந்துப் புட்டிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்வை அளப்பார்கள். பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னக் காகிதத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கு அடிப்பார்கள். தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னும். இது வலிக்காது. சிலிட் லேம்ப் என்ற கருவியில் தாடையை வைத்துப் பார்ப்பார்கள். புண்ணின் ஆழம் அதில் தெரியும்.

அடுத்ததுதான் அந்தச் சுரண்டல். மரத்துப்போகும் சொட்டுப் போட்டபின், புண்ணின் ஓரத்திலிருந்து துளியூண்டு எடுப்பார்கள். தொடுவது தெரியும், வலி தெரியாது. அதை ஒரு கண்ணாடித் துண்டில் தடவிப் பூதக் கண்ணாடியில் பார்ப்பார்கள். மிச்சத்தைக் கிருமி வளர்க்கும் தட்டில் வைப்பார்கள். பாக்டீரியா ஓரிரு நாளில் வளர்ந்து முகம் காட்டும். காளானுக்கு ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இது எதற்கு, பார்த்தாலே தெரியாதா என்று கேட்கலாம். கருவிழி நிபுணர்களிடம் புண்களின் படங்களை மட்டும் காட்டி, பாக்டீரியாவா காளானா என்று கேட்டுப் பார்த்த ஒரு சோதனை உண்டு. சராசரியாக மூன்றில் இரண்டைத்தான் சரியாகச் சொன்னார்கள். ஆகவே டாக்டர் சுரண்டி எடுக்கவேண்டும் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வரும்வரை காத்திராமல் மருந்து தொடங்கிவிடுவார்கள். முதல் இரண்டு நாள் மணிக்கொரு தரம் சொட்டு, இரவிலும்கூட. இதற்காகவே வார்டில் படுக்க வைப்பார்கள். தூக்கத்தில் எழுப்பி எழுப்பிச் சொட்டு விடும் தாதியிடம் எரிந்து விழாதீர்கள். அந்த நடுராத்திரிச் சொட்டுதான் கண்ணைக் காப்பாற்றுகிறது. பாவையை விரிக்கும் சொட்டும் தருவார்கள். அது வலியைக் குறைக்கும், ஆனால் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். கண் கெட்டுவிட்டதென்று பயப்படவேண்டாம். மரத்துப்போகும் சொட்டை மட்டும் வீட்டுக்குக் கேட்காதீர்கள். வலி போகும், அத்தோடு கருவிழியும் போகும்.

காளான் புண்ணுக்கு நாட்டமைசின் என்ற சொட்டு. இதிலும் தென்னிந்தியாவுக்குப் பங்குண்டு. அங்கே 323 நோயாளிகளிடம் நாட்டமைசினையும் புதிய மருந்தான வோரிகோனசோலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013-இல் வந்த முடிவு பழைய நாட்டமைசினே மேல் என்றது. அதிலும் ஃபியூசேரியம் காளானுக்கு வித்தியாசம் அதிகம். இந்த மருந்து புட்டியின் அடியில் படியும்; நன்றாகக் குலுக்கிவிட்டுப் போடவேண்டும். வாரக்கணக்கில் போடவேண்டியிருக்கும். பத்து நாளில் வலி குறைந்ததும், “போதும், வேலைக்குப் போறேன்” என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. காளான் உள்ளே பதுங்கியிருக்கும். திரும்பி வரும்போது இன்னும் ஆழமாக வரும். நிறுத்தச் சொல்லவேண்டியது டாக்டர்.

இரண்டு வகைச் சொட்டு இருந்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். கையைக் கழுவிவிட்டுப் போடுங்கள். புட்டியின் நுனி இமையில் படக்கூடாது.

மருந்துக்குக் கட்டுப்படாமல் ஓட்டை விழுந்தால் பசை வைத்து அடைப்பார்கள், அல்லது இறந்தவர் தானம் செய்த கருவிழியைப் பொருத்துவார்கள். நம் நாட்டில் தானமாகக் கிடைக்கும் கருவிழிகள் போதாது. பொருத்தினாலும், பல ஆண்டு சொட்டு மருந்தோடும் கவனத்தோடும் இருக்கவேண்டும். தூசியிலும் வெயிலிலும் மறுபடி அரிவாள் பிடிப்பது கடினம்.

கண் நிபுணர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. ஈப்போ, கிள்ளான், சிரம்பான், சுங்கைப்பட்டாணி போன்ற ஊர்களின் பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. கிளினிக்கில் மருந்து கொடுத்து இரண்டு நாளில் குறையவில்லை என்றால், அல்லது வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அங்கே அனுப்பும்படி கடிதம் கேளுங்கள்.

சம்பளமும் சொக்சோவும்

“போனா ஒரு நாள் சம்பளம் போயிடும்” என்பதுதான் பலரைத் தடுக்கிறது. குலைக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுவரை 18. ஐந்தும் அதற்கு மேலும் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள்வரை.

வேலையில் கண்ணில் பட்டது தொழில் விபத்து. அதைச் சொக்சோவில் பதியவேண்டும். பலர் கை கால் முறிந்தால்தான் சொக்சோ என்று நினைக்கிறார்கள். விபத்தைத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிப்பது முதலாளியின் பொறுப்பு. நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. இருந்தால் தற்காலிக ஊன உதவியாகச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். பார்வை நிரந்தரமாகக் குறைந்தால் மருத்துவக் குழு பார்த்து நிரந்தர ஊன உதவியை முடிவு செய்யும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இந்தத் தொழில் விபத்துப் பாதுகாப்பில் அடக்கம். உங்களோடு நிரை பிடித்து வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கு இது தெரியாமல் இருக்கலாம், சொல்லுங்கள்.

இதற்கும் அதே மணிக்கணக்குதான். பட்ட அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள். எந்த நிரை, எத்தனை மணி, என்ன பட்டது, யார் பக்கத்தில் இருந்தார் என்பதை எழுதச் சொல்லுங்கள். கிளினிக் சீட்டில் “வேலையில் மட்டை பட்டது” என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு வாரம் கழித்துக் காளான் புண்ணோடு போய், “அன்னைக்கு மட்டை பட்டுச்சுங்க” என்றால், நிர்வாகம் “எங்களிடம் பதிவே இல்லையே” என்று சொல்ல இடமிருக்கிறது. சீட்டு, எம்.சி., அறிக்கை எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். இன்னொரு நகலைத் தோட்டக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.